இடித்தானா, முட்டினானா, உரசினானா? ஆங்கிலத்தில் ‘அடி’ எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பலர் ஏதாவது ஓர் இடியையோ அடியையோ ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லித்தான் வருவார்கள். ட்ரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர்களுக்கு விபத்து அறிக்கை, அடிபட்டவர்களுக்குப் புகார் மனு. சாயங்காலம் இங்கிலீஷ் கற்க வரும் பிள்ளைகள் தனி. எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘பம்ப்’ என்று வரும் இடத்தில் மட்டும் தண்ணீர் பம்பை நினைக்காமல், ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியோடு படித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ‘ஹிட்’ என்று போட்டால் போதாதா? எதற்கு இத்தனை வார்த்தை?

நம்மிடம் மட்டும் குறைவாகவா இருக்கிறது? அடி, அறை, குத்து, இடி, முட்டு, மோது, உரசு, தட்டு, மொத்து, சாத்து, வெளு. பேசும்போது இவற்றில் ஒன்றைக்கூட யாரும் மாற்றிச் சொல்வதில்லை. சுவரில் தலையை ‘உரசிக்கொண்டான்’ என்பதும் ‘முட்டிக்கொண்டான்’ என்பதும் வேறு என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலம் என்றவுடன் மட்டும் எல்லாவற்றையும் ‘அடி’ என்ற ஒரே மூட்டைக்குள் திணித்து, அதற்கு ‘ஹிட்’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம்.

அதனால் நான் முதலில் தமிழில்தான் கேட்பேன். துறைமுக கேட் வரிசையில் நின்றிருந்த ஒரு ட்ரெய்லர் டிரைவர் வந்தார்.

“பின்னாடி இருந்த வண்டி அடிச்சிடுச்சுண்ணா.”

“அடிச்சிடுச்சுன்னா எப்படி தம்பி? இடிச்சுதா, உரசுச்சா?”

“நான் க்யூல நின்னுட்டிருந்தேன். அவன் பிரேக்க விட்டுட்டான். மெதுவா உருண்டு வந்து முட்டுச்சு. பின்னாடி கம்பி மட்டும் உள்ள போயிடுச்சு.”

எழுத வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. இவர் வண்டி நின்றிருந்தது, மற்றது நகர்ந்தது, வேகம் குறைவு, பட்ட இடம் பின்பக்கம், சேதம் கொஞ்சம். ஆங்கிலத்தில் ‘பம்ப்ட் இன்டூ த ரியர்’ என்று போட்டால் முடிந்தது. அவரோ ‘ராம்ட்’ என்று போடச் சொன்னார், அதுதான் கெத்தாக இருக்கிறதாம். ‘ராம்’ என்று படித்துவிட்டு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் நசுங்கிப்போன ஒரு வண்டியை எதிர்பார்ப்பார். வளைந்த கம்பி ஒன்றைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்.

‘ஹிட்’, ‘ஸ்ட்ரைக்’ இரண்டும் ஒன்றுதானா?

பொருள் நெருக்கம்தான், நடைதான் வேறு. ‘ஹிட்’ வீட்டுப் பேச்சு. ‘ஸ்ட்ரைக்’ எழுத்து நடை. சட்டம், செய்தி, மருத்துவம் எல்லாம் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மின்னல் ‘ஸ்ட்ரைக்’ பண்ணும், கடிகாரம் மணிக்கு ‘ஸ்ட்ரைக்’ பண்ணும், தீக்குச்சியை ‘ஸ்ட்ரைக்’ பண்ணுவார்கள். இந்த இடங்களில் ‘ஹிட்’ ஒட்டாது (மின்னலுக்கு மட்டும் சிலர் சொல்வார்கள்).

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வடசென்னையில் கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு அதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியவர். ஊரே ஆடும் ஆட்டம் என்று சொன்னால் மிகையில்லை. கேரம் விதிப்படி ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது. சுண்டுவதுதான் ‘ஸ்ட்ரைக்’. விரல் ஒரு கணம் பட்டதும் விலகிவிடும், அதற்குப் பிறகு 15 கிராமுக்கு மிகாத அந்த வட்டம் தானாகப் போகும். விரல் ஒட்டியபடியே கொஞ்ச தூரம் கூடப் போனால் அது ‘புஷ்’, அதாவது தவறு. பட்டு விலகினால் ‘ஹிட்’, ‘ஸ்ட்ரைக்’. ஒட்டியபடி நகர்த்தினால் ‘புஷ்’. கோபத்தோடு முரட்டுத்தனமாகத் தள்ளினால் ‘ஷவ்’. சண்டைப் புகாரில் “என்னைத் தள்ளிவிட்டான்” என்பதை ‘ஹிட்’ என்று எழுதக் கூடாது என்பதும் இதனால்தான். தள்ளியது வேறு, அடித்தது வேறு.

“அவன் என்னை அடித்தான்” என்பதற்கு ‘பீட்’ போடலாமா?

ஒரே ஓர் அறை என்றால் போடாதீர்கள். ‘பீட்’ என்றால் திரும்பத் திரும்ப அடிப்பது. முரசு அடிப்பது, முட்டை அடிப்பது, இதயம் அடிப்பது எல்லாமே ‘பீட்’தான். எதுவும் ஒருமுறையோடு நிற்காதவை. “ஹீ பீட் மீ” என்று படிக்கிற ஆள், பல அடிகள் விழுந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். இன்னொரு வம்பும் உண்டு. அதே வாக்கியத்துக்கு “ஆட்டத்தில் என்னை ஜெயித்துவிட்டான்” என்றும் பொருள் வரும். நாலு பேர் சேர்ந்து மொத்தினார்கள் என்றால் ‘பீட் அப்’. அந்த ‘அப்’பைச் சேர்த்தால் கேரம் ஆட்டமா, தெருச்சண்டையா என்ற குழப்பம் வராது.

இறந்தகாலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஹிட்’ எப்போதும் ‘ஹிட்’தான், ‘ஹிட்டட்’ என்று ஒன்று கிடையாது. ‘பீட்’டுக்கு இறந்தகாலமும் ‘பீட்’, செயப்பாட்டிலும் ‘ஹேவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ சேர்ந்து வரும் இடத்திலும் ‘பீட்டன்’. ‘ஸ்ட்ரைக்’ இறந்தகாலத்தில் ‘ஸ்ட்ரக்’.

குத்து, அறை, தட்டு இவற்றுக்கு என்ன?

‘குத்து’ என்று யாராவது சொன்னால் நான் உடனே பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கையாலா, கத்தியாலா? தமிழில் இரண்டும் குத்துதான். ஆங்கிலத்தில் முஷ்டியால் குத்தினால் ‘பஞ்ச்’, கத்தியால் குத்தினால் ‘ஸ்டாப்’ (பஸ் ஸ்டாப் அல்ல, ஒலி கொஞ்சம் வேறு). விரலால் விலாவில் குத்தினால் ‘போக்’. முள் குத்தினால் ‘ப்ரிக்’. இந்த நான்கையும் மாற்றிப் போட்டால் வழக்கே வேறாகிவிடும்.

குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகும் பையன்களிடம் ‘பஞ்ச்’ பற்றிச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயர் சொல்லி மேடை ஏறிய ஊர் இது. முகமது அலி 1980இல் மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை இன்றைக்கும் பேசுகிற பெரியவர்கள் உண்டு. அந்தப் பையன்களுக்கு முன்கையால் நேராக விடுவது ‘ஜாப்’, பின்கையால் நேராக விடுவது ‘க்ராஸ்’, முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் சுழற்றுவது ‘ஹூக்’, கீழிருந்து மேலே தாடைக்குப் போவது ‘அப்பர்கட்’. இவை எல்லாமே ‘பஞ்ச்’ என்ற ஒரே வீட்டின் பிள்ளைகள். உள்ளங்கைப் பக்கம் பட்டால் அது ‘ஸ்லாப்’. ரிங்கில் அப்படி அடித்தால் ஃபவுல், ரெஃப்ரி எச்சரிப்பார். இங்கிலீஷ் அகராதி சொல்லும் அதே எல்லைக்கோட்டை ரெஃப்ரியும் போடுகிறார்: மூடிய கை ‘பஞ்ச்’, விரித்த கை ‘ஸ்லாப்’.

அதனால் கன்னத்தில் பளார் என்று விழுந்தால் ‘ஸ்லாப்’. கிட்டத்தட்ட அதே பொருளில், பேச்சுவழக்கில், ‘ஸ்மாக்’. பிள்ளையின் பின்புறத்தில் கையால் போடுவது ‘ஸ்பாங்க்’, அது தண்டனைக்கு மட்டும்.

‘தட்டு’ இன்னொரு குழப்பக்காரன். கதவைத் தட்டினால் ‘நாக்’. தோளில் விரலால் தட்டிக் கூப்பிட்டால் ‘டாப்’. “சபாஷ்டா” என்று முதுகில் தட்டினால் ‘பாட்’, அது பாராட்டு. வண்டி போகிற போக்கில் ஓரமாகத் தட்டிவிட்டுப் போனால் ‘க்ளிப்’. எந்தத் ‘தட்டு’ என்று தெரியாமல் ஆங்கிலத்துக்குப் போகவே முடியாது.

“தலையில் அடித்தான்”, “வயிற்றில் குத்தினான்”. ‘ஆன்’ போடணுமா, ‘இன்’ போடணுமா?

தலை, முதுகு, தோள், கால் என்றால் ‘ஆன்’. முகம், கண், வயிறு என்றால் ‘இன்’. கெட்டியான இடமா, அமுங்குகிற இடமா என்று யோசித்தால் பெரும்பாலும் சரியாக வரும். மூக்குக்கு மட்டும் இரண்டும் வழக்கில் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் முதலில் ஆளைச் சொல்லி, பிறகு இடத்தைச் சொல்வார்கள்: ‘ஹிட் மீ ஆன் த ஹெட்’.

‘ஹிட் ஆன்’, ‘ஹிட் அட்’ என்று எழுதினால் என்ன தப்பு?

முதலாவது ரொம்பத் தப்பு. “லாரி சுவரில் மோதியது” என்பதில் ‘இல்’ இருப்பதால் நம் ஆட்கள் ‘ஹிட் ஆன் த வால்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஹிட்’டுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், ‘ஹிட் த வால்’ போதும். ‘ஹிட் ஆன்’ என்பதற்கு இன்றைய பேச்சில் ஒரு பெண்ணிடமோ ஆணிடமோ வழிவது, மடக்கப் பார்ப்பது என்று பொருள். “லாரி என் ஸ்கூட்டர்மீது மோதியது” என்பதை ‘ஹிட் ஆன் மீ’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஹிட் அட்’ தப்பில்லை, ஆனால் பொருள் வேறு. அடிக்க வீசினான், பட்டதா என்று சொல்லவில்லை. ‘கிக் அட்’ என்பதும் அப்படித்தான். காலை ஓங்கினான், பட்டிருக்கலாம், தப்பியிருக்கலாம். உண்மையிலேயே பட்டிருந்தால் அந்த ‘அட்’டை எடுத்துவிடுங்கள். காயம் வாங்கியவரின் புகாரில் அது இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே எடுத்துக்கொடுத்த மாதிரி.

வண்டி இடித்ததை எழுத எந்த வார்த்தை?

எண்ணூர் நெடுஞ்சாலையும் மணலி ரோடும் இருக்கிற வரைக்கும் இந்தக் கேள்வி நிற்காது. சேதத்தை வைத்துச் சொல்கிறேன்.

வண்டிகள் லேசாகத் தொட்டு, பெயிண்ட் கீறாமல் போனால் ‘ப்ரஷ்’. கீறல் விழுந்தால் ‘ஸ்க்ரேப்’ அல்லது ‘க்ரேஸ்’. நாம் ‘உரசிட்டான்’ என்பது பெரும்பாலும் இதுதான். மெதுவாக முட்டினால் ‘பம்ப்’. பக்கவாட்டில் நீளமாக இழுத்துக்கொண்டு போனால் ‘சைட்ஸ்வைப்’. பின்னால் இடித்தால் அமெரிக்க வழக்கில் ‘ரியர்-எண்ட்’ என்றே ஒரு வினை உண்டு. நேருக்கு நேர் என்றால் ‘ஹெட்-ஆன்’. உடைந்து, நசுங்கி, கண்ணாடி சிதறினால் ‘க்ராஷ்’. வண்டி அடையாளமே தெரியாமல் தூள் தூளானால் ‘ஸ்மாஷ்’. பனிமூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வண்டி ஏறிக்கொண்டால் ‘பைல்-அப்’.

‘ராம்’ பற்றி ஏற்கெனவே சொன்னேன். அது ஆட்டுக்கிடாவின் பெயரிலிருந்து வந்த வினை. கிடா எப்படி முட்டும்? தலையைத் தாழ்த்தி, குறி வைத்து, முழு வேகத்தில். வேணுமென்றே செய்தான் என்ற வாசனை அந்த வார்த்தையில் இருக்கிறது. செய்தித்தாள்கள் தலைப்பில் இடம் மிச்சம் என்று எல்லா விபத்துக்கும் அதைப் போடுகின்றன. நீங்கள் டிரைவராக இருந்து உங்கள் தரப்பை எழுதும்போது “நான் ராம் பண்ணினேன்” என்று எழுதினால், தெரியாமல் நடந்ததை வேணுமென்று செய்ததாக உங்கள் வாயாலேயே சொன்னதாகிவிடும். ‘ஹிட்’ போடுங்கள். அது யார்மேலும் பழி போடாது.

‘கொலைட்’ எப்போது வரும்? மோதல் என்றாலே ‘கொலிஷன்’தானே?

அந்த வார்த்தையின் லத்தீன் வேரே ‘ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது’ என்பதுதான். இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் ‘கொலைட்’ என்று பழைய ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். நின்றிருக்கும் கம்பத்தோடு கார் ‘கொலைட்’ ஆகாது, கம்பம் என்ன எதிரே வந்ததா என்பார்கள். இன்றைய அகராதிகள் அவ்வளவு கறாராக இல்லை. ஆனாலும் கடல் சட்டத்தில் இந்த வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது.

நம் கடற்கரையிலேயே உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று கேஸ் இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது, மற்றது எண்ணெயோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஓட்டத்தில் இருந்ததால் அது அசல் ‘கொலிஷன்’. அதற்குப் பிறகு எர்ணாவூர் குப்பத்துக் கரையில் பக்கெட்டால் எண்ணெயை அள்ளியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் பாலத்தின் தூணை இடித்து, பாலமே சரிந்து ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். தூண் நகரவில்லை. ஆகவே கடல் சட்டக்காரர்கள் அதை ‘அலிஷன்’ என்பார்கள். நகர்கிற கப்பல் நிற்கிற பொருளை இடிப்பதற்கு என்றே அவர்களிடம் தனி வார்த்தை. துறைமுகம் சார்ந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

ரோட்டில் இதை எப்படிப் பயன்படுத்துவது? நீங்கள் நின்றிருந்தீர்கள் என்றால் ‘கொலைட்’ வேண்டாம். “இரண்டு வண்டியும் மோதிக்கொண்டன” என்று அது பாதிப் பழியை உங்கள் பக்கம் தள்ளிவிடும். ‘ஹிட் மை ஸ்டேஷனரி வெஹிக்கிள்’ என்று எழுதுங்கள். அப்புறம், ‘கொலைட்’டுக்குத் துணை ‘வித்’தான், ‘அகைன்ஸ்ட்’ அல்ல.

கோர்ட் பேப்பரில் எல்லாம் ‘டாஷ்ட் அகைன்ஸ்ட்’ என்று இருக்கிறதே?

இருக்கிறது, நிறைய இருக்கிறது. விபத்து வழக்குத் தீர்ப்புகளிலும் போலீஸ் ஆவணங்களிலும் ‘மோதியது’ என்பதற்கு இந்தியாவில் அதுதான் வழக்கு. ஒரு லண்டன்காரரிடம் அதைக் காட்டினால் கொஞ்சம் விழிப்பார். அவருக்கு ‘டாஷ்’ என்றால் அவசரமாக ஓடுவது. ‘டாஷ் அகைன்ஸ்ட்’ என்றால் அலை பாறையில் மோதிச் சிதறுவது. நம் ஊர் கோர்ட்டிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை என்பதால் நான் அதைத் தவறு என்று அடிப்பதில்லை. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்கு எழுதும்போது மட்டும் ‘ஹிட்’ அல்லது ‘ஸ்ட்ரக்’ என்று மாற்றிவிடுவேன்.

‘நாக் டவுன்’, ‘ரன் ஓவர்’, ‘ரன் இன்டூ’ வித்தியாசம்?

வண்டி இடித்து ஆள் கீழே விழுந்தால் ‘நாக்ட் டவுன்’. சக்கரம் ஏறினால்தான் ‘ரன் ஓவர்’. நாம் ‘ஏத்திட்டான்’ என்பது இதுதான். இடித்ததில் தூக்கி எறியப்பட்டால், ‘தூக்கிட்டான்’ என்கிறோமே, அதற்கு ஒற்றை வார்த்தை தேடாதீர்கள். இடித்தது, தூக்கி எறியப்பட்டேன் என்று இரண்டாக எழுதினால் போதும். ‘ரன் இன்டூ’ என்பது வண்டி என்றால் மோதல், ஆள் என்றால் தற்செயலாகச் சந்திப்பது. ‘பம்ப் இன்டூ’வும் அப்படியே. “நேற்று தண்டையார்பேட்டையில் என் வாத்தியாரை ‘ரன் இன்டூ’ ஆனேன்” என்றால் நலம் விசாரித்தேன் என்று பொருள். ‘ரன் ஓவர்’ என்று மாறினால் வேறு கதை.

குத்துச்சண்டையிலும் இதே ‘டவுன்’, ‘அவுட்’ உண்டு. விழுந்தால் ‘நாக்டவுன்’. பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து ஆடமுடியாவிட்டால் ‘நாக்அவுட்’.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். ‘ஹிட் அண்ட் ரன்’ என்று எழுதலாமா?

பேச்சில் சரி. நஷ்டஈட்டுக்கு எழுதும்போது நின்று நிதானிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவில், தக்க முயற்சி எடுத்தும் எந்த வண்டி என்று கண்டுபிடிக்க முடியாத விபத்துதான் ‘ஹிட் அண்ட் ரன்’. ஓடிப்போனானா என்பதல்ல, யார் என்று தெரிகிறதா என்பதே அங்கே கேள்வி. அந்த வகையில் வந்தால் 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்பு 25,000, 12,500 என்றுதான் இருந்தது.

நம்பரை நீங்களோ பக்கத்துக் கடைக்காரரோ குறித்து வைத்திருந்தால், அவன் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும், இந்த நிலையான தொகைக்குள் அடங்க வேண்டியதில்லை. வண்டியின் இன்ஷூரன்ஸ் மீது விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், தொகை வருமானத்தையும் காயத்தையும் பொறுத்தது. சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. நம்பர் தெரிந்தவர் மனுவில் ‘ஹிட் அண்ட் ரன்’ என்று நான் எழுதமாட்டேன். நம்பரை எழுதி, “நிற்காமல் சென்றுவிட்டது” என்று மட்டும் சேர்ப்பேன்.

‘அசால்ட்’ என்றால் அடித்தது என்றுதானே அர்த்தம்?

தெருவிலும் டிவியிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பியிலும் ‘அலெஜ்ட் அசால்ட்’ என்று அடிதடியைத்தான் குறிப்பார்கள். சட்டப் புத்தகத்தில் கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 130ஆம் பிரிவு (பழைய ஐ.பி.சி. 351) படி, அடிக்கப் போகிறான் என்று எதிரே இருப்பவர் அஞ்சும்படி கையை ஓங்கினாலே ‘அசால்ட்’. விரல்கூடப் படவேண்டாம். வாய்ச்சவடால் மட்டும் என்றால் ‘அசால்ட்’ ஆகாது. ஆனால் அந்தப் பேச்சு, ஓங்கிய கைக்கு அர்த்தம் கொடுக்கலாம்.

பட்டுவிட்டால் ‘கிரிமினல் ஃபோர்ஸ்’. வலியோ காயமோ ஏற்பட்டால் ‘ஹர்ட்’. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் ‘க்ரீவியஸ் ஹர்ட்’, கொடுங்காயம். ஒரு பல் போனாலும் கொடுங்காயம்தான் என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு சீரியல் பார்த்துவிட்டு ‘பாட்டரி’ என்று எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் அது அடிப்பதைக் குறிக்கும், நம் குற்றச் சட்டத்தில் அந்த வார்த்தையே இல்லை.

மனு எழுதும்போது இந்தப் பெயர்களை நீங்கள் சூட்ட வேண்டாம். எந்தக் கையால், எதனால், எத்தனை முறை, எங்கே பட்டது, அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள். பிரிவு போடுவது போலீஸ் வேலை.

சத்தத்தை வைத்து வரும் வார்த்தைகள்?

இந்த ஒரு விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் தானாக வரும், ஏனென்றால் நாமும் காதால்தான் பேசுகிறோம். ‘தொப்’பென்று மூட்டை விழுந்தால் ‘தட்’ (நம் ‘தட்டு’ இல்லை, ‘தம்பி’யின் தகரம்). ‘டமால்’ என்றால் ‘பாங்’. ‘பளார்’ என்றால் ‘ஸ்லாப்’. ‘டொக் டொக்’ என்றால் ‘நாக்’. இரும்பில் இரும்பு பட்டு ‘டங்’ என்றால் ‘க்ளாங்’. கதவை ‘மடார்’ என்று சாத்தினால் ‘ஸ்லாம்’.

யார்டில் கிரேன் கன்டெய்னரை இறக்கும்போது கவனியுங்கள். நாலு மூலையும் ட்ரெய்லரின் பூட்டுகளில் ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு ‘டங்’. கோணலாக இறங்கி ஒரு மூலை முதலில் பட்டால், முதலில் ‘டமார்’, பிறகு மற்ற மூலைகள் விழும் இன்னொரு சத்தம், கேபினில் இருக்கும் டிரைவருக்கு முதுகெலும்பில் ஓர் உதறல். விபத்து அறிக்கையில் முதலாவதற்கு எதுவும் எழுத மாட்டார்கள். இரண்டாவதுக்கு ‘ஸ்லாம்ட் டவுன் ஆன் த ட்ரெய்லர்’ என்று எழுதலாம். ‘ட்ராப்ட்’ என்று எழுதினால் பிடி விட்டுப்போய்க் கீழே விழுந்தது என்றாகிவிடும். கிரேன் ஆபரேட்டருக்கு அது பெரிய வித்தியாசம்.

அடிப்பதற்கு ‘ஸ்ட்ரைக்’, வேலைநிறுத்தத்துக்கும் ‘ஸ்ட்ரைக்’. எப்படி?

பாயை இறக்குவதற்கும் கப்பல்காரர்கள் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள். 1768இல் இங்கிலாந்து மாலுமிகள் கூலிக்காகப் பாய்களை இறக்கிவிட்டுக் கப்பல்களை நகரவிடாமல் நிறுத்தினார்கள். அதிலிருந்து வேலையை நிறுத்துவதே ‘ஸ்ட்ரைக்’ ஆயிற்று. ஆக, யாரையும் அடிப்பதிலிருந்து வந்ததல்ல. பெரம்பூர் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவைப்பட்டதே இல்லை. 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும், 1921இல் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் அங்கேதான். முதலாளி கேட்டைப் பூட்டினால் அது ‘லாக்அவுட்’. இரண்டையும் மாற்றி எழுதினால் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான்.

புயல் செய்தியில் ‘லாஷ்’, ‘பாட்டர்’ என்று வருகிறதே?

‘லாஷ்’ சாட்டையடி, மழைக்கும் காற்றுக்கும் வரும். ‘பாட்டர்’ விடாமல் மொத்துவது. கரை கடந்தது என்பதற்கு வானிலைத் துறை ‘க்ராஸ்’ என்றே எழுதும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கும் அதுதான் வார்த்தை. வீட்டுச் சேதத்துக்கு மனு எழுதும்போது இந்த அலங்காரம் எதுவும் வேண்டாம். எத்தனை ஷீட் பறந்தது என்று எழுதுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. புகாரைத் தமிழிலேயே கொடுக்கலாமா?

தாராளமாக. ஸ்டேஷனில் தமிழில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், எஃப்.ஐ.ஆரும் தமிழிலேயே எழுதப்படும். தப்பான இங்கிலீஷைவிட உங்கள் வாயில் வருகிற தமிழ் ஆயிரம் மடங்கு மேல். இன்ஷூரன்ஸ் படிவம், கம்பெனி மெயில் போன்றவற்றுக்குத்தான் ஆங்கிலம் தேவைப்படும். அங்கேயும் முதலில் ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள். ‘அடித்தான்’ என்று மட்டும் எழுதாமல் இடித்தான், முட்டினான், ஏற்றினான் என்று எழுதினால் எனக்கும் வேலை சுலபம்.

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினால் நன்றாக இருக்காதே? வேறு வேறு வார்த்தை போடட்டுமா?

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு அப்படிச் சொல்லித் தந்திருப்பார்கள். மனுவிலும் க்ளெய்மிலும் அதைச் செய்யாதீர்கள். முதல் பத்தியில் ‘ஹிட்’, இரண்டாவதில் ‘ராம்ட்’, மூன்றாவதில் ‘க்ராஷ்ட்’ என்று எழுதினால், படிக்கிறவர் ஒரே இடியை மூன்று விதமாகச் சொல்கிறார் என்று நினைப்பார், இல்லை மூன்று முறை இடித்ததா என்று கேட்பார். முதலில் எந்த வார்த்தையைப் போட்டீர்களோ அதையே கடைசி வரை போடுங்கள். போலீஸில் கொடுத்த தமிழ்ப் புகாரில் ‘முட்டியது’ என்று இருந்தால், இன்ஷூரன்ஸுக்கு எழுதும் ஆங்கிலத்திலும் அதற்கு நேரான ‘பம்ப்’ இருக்கட்டும். க்ளெய்ம் பார்ப்பவர்கள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள்.